மத்தபடி வீடு மாதிரி

ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் போண்டா நன்றாக இருக்கிறது, சார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சட்னிதான் கொஞ்சம் தண்ணி. மத்தபடி குறை சொல்ல முடியாது.

நீங்கள் ஆறு தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, "உனுக்குத்தான் நல்லா எழுத வருமே, நீயே எழுதிக் குடு. நான் கேட்டு, நீ சொல்லி, ரைட்டர் எழுதி, இன்னாத்துக்கு மூணு பேருக்கு வேலை" என்றீர்கள். நியாயம்தான். என்னிடம் கேட்டு எழுதி வாங்குகிற மூன்றாவது ஆள் நீங்கள். முதல் இருவரும் குறை சொன்னதில்லை.

பெயர் ஜோயல். வயது இருபத்தொன்று. ஒரகடம் ரோட்டில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம். தந்தை பெயர் ஜெபகுமார். கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். இப்போது வெளியே பெஞ்சில் யூனிபார்மோடு உட்கார்ந்திருக்கிறார். சிம் கார்டு அவர் பெயரில் இருப்பதால் முதலில் அவரைத்தான் கம்பெனி லைனிலிருந்து கூட்டி வந்தீர்கள். "யார்றா அந்த சத்யப்பிரியா? நம்ம சர்ச்சுக்கு வர்ற பொண்ணா? எதுவா இருந்தாலும் வூட்ல சொல்லியிருக்கலாம் இல்ல" என்று என்னைக் கேட்டார். "இல்லப்பா" என்றேன். "அப்ப இந்துவா" என்றார். அதற்குமேல் விளக்க நேரமில்லை. நீங்கள் உள்ளே கூப்பிட்டுவிட்டீர்கள்.

நீங்கள் தேடிவந்த சத்யப்பிரியா நான்தான், சார்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் கிளியம்மாள். பக்கத்து அறையில் பெண் காவலருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாரே, செங்காந்தள் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன், அவர். பதினொரு நாளாக அவரை வரச்சொல்லி விசாரிக்கிறீர்கள். இன்று சாயங்காலம் கைது செய்து கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகக் கான்ஸ்டபிள் அண்ணாதுரை சொன்னார். அந்த அம்மா போகக் கூடாது. வேறு யாருக்காகவும் இதை நான் எழுதவில்லை.

காலையில் என்னை உட்கார வைத்த இடத்திலிருந்து அவர் பேசுவது கேட்டது.

"புள்ளைங்க குளுருதுன்னு எழுதியிருந்துச்சுங்க சார். ஒம்போது புள்ளைங்க. அதான் நானே ஸ்டூல் போட்டு ஏறி அடிச்சேன்."

"எந்தப் புள்ளைங்க? பேரச் சொல்லும்மா" என்றார் அண்ணாதுரை.

கிளியம்மாள் ஒன்பது பெயரையும் மனப்பாடமாகச் சொன்னார். தேனி ரோகிணி, தருமபுரி செண்பகம், ஆரணி சத்யப்பிரியா என்று ஊரோடு சேர்த்து. நீங்கள் ஹாஸ்டல் ரிஜிஸ்டரை முன்னும் பின்னும் புரட்டினீர்கள். அப்படி யாரும் அங்கே தங்கியதே இல்லை. "இன்னாம்மா, கத வுடறியா" என்றீர்கள்.

அவர் கதை விடவில்லை. அந்த ஒன்பது பேரும் என் பெண்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். முதல் வருடத்தில் எங்கள் காலேஜ் மெஸ்ஸைப் பற்றி மேப்பில் ஒரு ரிவ்யூ போட்டேன். "சாம்பாரில் பருப்பு தேடப் போன காக்கா இன்னும் வீடு திரும்பவில்லை" என்று ஒரே வரி. காலேஜே சிரித்தது. மெஸ் கான்ட்ராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தேடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "தம்பி, திட்டுனதே இவ்ளோ நல்லா கீதே, பாராட்டுனா எப்டி இருக்கும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். சாம்பார் அப்படியேதான் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் பக்கத்துக் காலேஜ் பையன்கள் பைக் போட்டுக்கொண்டு அந்தச் சாம்பாருக்காக வந்தார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். நாக்கைவிட எழுத்துக்கு ருசி அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் மூலமாக வந்தவர்தான் குமாரவேல் அண்ணன். இருந்த நிலத்தைக் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த துண்டில் மூன்று மாடி எழுப்பி, நாற்பத்திரண்டு கட்டில் போட்டு, செங்காந்தள் என்று போர்டு மாட்டியவர்.

"இப்பல்லாம் எந்தப் பொண்ணும் சும்மா பொட்டியத் தூக்கிக்கினு வர்றதில்ல தம்பி. மொதல்ல மேப்புல பாக்குது. அப்பாலதான் ஆத்தாளையே கேக்குது. நம்முளுது மூணு ஸ்டார்ல நிக்குது. நாலரை ஆக்கிக் குடு."

மாதம் ஒரு ரீசார்ஜ், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வேறு பேச்சு இல்லை.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று சொன்னால்தான் உங்களுக்கு மற்றது புரியும். என்னிடம் இருபத்து மூன்று கணக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள். ஊர், வயது, பேசும் விதம் எல்லாம் உண்டு. தேனிக்காரி வாக்கியத்துக்கு வாக்கியம் "நெஜம்மா" போடுவாள். தருமபுரிக்காரி எழுத்துப்பிழை விடுவாள். மகளைச் சேர்த்துவிட்டுப் போன அப்பா ஒருவரும் உண்டு. அவர் எழுதியது இது: "மகளை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை." அதற்கு நூற்றுப்பத்து பேர் லைக் போட்டார்கள். அந்த விடுதிக்குள் நான் கால் வைத்ததில்லை. ஆம்பளை உள்ளே போகக் கூடாது. கேட் வரைக்கும் போய், கட்டடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிர் ரோஸ்.

அஞ்சு ஸ்டாரை மட்டும் எவரும் நம்புவதில்லை, சார். ஒரேயடியாகப் பாராட்டினால் ஓனரின் மச்சான் எழுதியது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அழகான குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு பொட்டு வைக்க வேண்டும். திருஷ்டிப் பொட்டு. ஒரு சின்னக் குறை. பெரிதாக இருக்கக் கூடாது, கேட்டால் "அட, இதுதானா" என்று தோன்ற வேண்டும். அந்தப் பொட்டை வைத்துவிட்டால் மற்ற பத்து வரியையும் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

எதிர்க் கடைப் போண்டாவை நான் தின்னவில்லை. அண்ணாதுரை சார்தான் தின்றார். சட்னி தண்ணியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் முதல் வரியைப் படித்தபோது நம்பியிருப்பீர்கள்.

செங்காந்தளுக்கு நான் வைத்த பொட்டு, பாத்ரூம் ஜன்னல்.

எல்லா பாத்ரூமிலும் மேலே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அங்கேயும் இருக்கும் என்று ஊகித்தேன். "காலையில் குளிக்கும்போது மேல் ஜன்னல் வழியாக ஜில்லென்று காற்று வருகிறது. அதை மட்டும் அடைத்தால் நல்லது. மத்தபடி வீடு மாதிரி." ஒருத்திக்கு எழுதினேன், நன்றாக அமைந்தது. ஒரே குறையைப் பல பேர் சொன்னால் நம்பிக்கை கூடும் என்பதால் இன்னும் எட்டுப் பேரைச் சொல்ல வைத்தேன். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் பொது. மத்தபடி வீடு மாதிரி. அது என் முத்திரை. மாத்தூர் பக்கம் இன்னொரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது, குமாரவேல் அண்ணனின் சகலை நடத்துவது. அதற்கென்று இன்னும் பதினைந்து கணக்கு தொடங்கி, ஒரு முப்பத்தெட்டு எழுதினேன். அங்கே பொட்டு, மொட்டை மாடியில் கொடிக் கயிறு போதவில்லை என்பது.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. ஐப்பசி மழையில், காந்திமதி என்று ஒரு பெண் ஒரு ஸ்டார் போட்டிருந்தாள். இவள் என் ஆள் இல்லை. நிஜமாகவே அங்கே தங்கிவிட்டுக் காலி செய்துகொண்டு போனவள்.

"வெண்ணீர் போட்டா தலை சுத்துது. நா ஒருநாள் உள்ள விழுந்துட்டேன் கதவை ஒடச்சி தூக்குனாங்க. அந்த கேஸ் மிசின வெளிய மாட்டுங்கனு சொன்னா கேக்கல. யாரும் வராதிங்க."

குமாரவேல் அண்ணன் போன் செய்தார். "அவ தலைவலிக்காரி தம்பி. லைன்ல எட்டு மணி நேரம் நின்னா எவளுக்கும் மயக்கம் வரத்தான் செய்யும். தூக்கிடு அத்த."

எனக்கு அந்த ரிவ்யூ ஒரு விஷயத்தில் பிடிக்கவில்லை. அதில் நல்லது என்று ஒரு வார்த்தை கூட இல்லை. சோறு எப்படி, தண்ணீர் எப்படி, ஒன்றும் இல்லை. வெறும் கோபம். படிக்கிறவன் நம்புகிற மாதிரி அவளுக்கு எழுதத் தெரியவில்லை. இருபத்து மூன்று கணக்கிலிருந்தும் "இது பொய்யான ரிவ்யூ" என்று புகார் அனுப்பினேன். நாலாம் நாள் அது காணாமல் போனது. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே நிஜம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரியும். ஆனால் அப்போது அது ஒரு தகவலாக இருந்தது.

சத்யப்பிரியாவுக்கு வருகிறேன். என் இருபத்து மூன்று பேரில் அவள்தான் உசத்தி. ஆரணிக்காரி, இருபத்து நாலு வயது. செங்காந்தளில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, வேலை மாறி மறைமலை நகர் போய்விட்டாள். போன இடத்திலும் மனசு கேட்காமல் எழுதுகிறாள்: "புதுசா வர்ற தங்கச்சிங்களுக்கு எதாவது சந்தேகம் இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க." கீழே நம்பர். போன் நம்பர் போட்ட ரிவ்யூவை யார்தான் சந்தேகப்படுவார்கள். கணக்கு தொடங்குவதற்காக அப்பா பெயரில் வாங்கிய இரண்டாவது சிம் சும்மாதான் கிடந்தது. யாரும் மெசேஜ் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒருத்தி செய்தாள்.

"அக்கா, நான் இசைவாணி. சங்கரன்கோயில் பக்கம். அங்கன போன் கம்பெனில வேல கெடச்சிருக்கு. நீங்க எழுதுனத பாத்தேன். ஆஸ்டல் நெசமாவே நல்லாருக்குமாக்கா? எங்கப்பா ரொம்ப பயப்படுதாவ."

கிளாசில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் விமல் எட்டிப் பார்த்தான். நான் அனுப்பினேன்: "நம்பி வாம்மா. வீடு மாதிரி."

"டேய் அக்கா" என்றான் விமல். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பேர்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு, ரசத்தில் புளி அதிகம், லைன் லீடர் சிடுமூஞ்சி, கிளி ஆன்டி இரண்டாம் தோசைக்கு நெய் விடுவார், தங்கச்சி அறிவுமதி ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள், எல்லாம் அக்காவுக்கு வந்துவிடும். ஒரு தடவை போன் செய்தாள். கட் செய்துவிட்டு, "லைன்ல இருக்கேன்மா, செல்லு எடுக்கக் கூடாது" என்று போட்டேன். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாத சட்டமா.

நான் அவளுக்கு நல்ல அக்காவாக இருந்தேன், சார். இதை நீங்கள் அவள் செல்லில் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி குடிக்கச் சொன்னேன். லைன் லீடர் திட்டினால் என்ன பதில் சொல்வது என்று எழுதிக் கொடுத்தேன். அதை அப்படியே சொன்னாளாம். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு போனானாம். "நீங்க மட்டும் இல்லன்னா நான் எப்பவோ ஊருக்குப் போயிருப்பேன்க்கா" என்று எழுதினாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் பிரின்சிபாலைப் பாராட்டுவதுபோல் நான் எழுதிய கிண்டலை அவர் பிரேம் போட்டு மாட்டியபோது வந்த சந்தோஷத்தைவிட அதிகம்.

மார்கழியில் குளிர் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அனுப்பினாள்:

"அக்கா ஒரு நல்ல சேதி. நீங்கல்லாம் பாத்ரூம்ல குளிருதுன்னு ரிவ்யூ போட்டிருந்தியள்லா. கிளி ஆன்டி கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா வாசிச்சாவ. 'இத்தன புள்ளைங்க சொல்லியும் நான் கவனிக்காம வுட்டுட்டனே'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாவ. அவுகளே ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னல அடைச்சிட்டாவ. இப்ப காத்தே வரல. ஒங்களுக்குத்தான் தேங்க்ஸ்."

கூடவே ஒரு போட்டோ. யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அடித்த பழைய பிளெக்ஸ். நாலு ஓரமும் இறுக்கி ஆணி. ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சுவரில் வெந்நீர் போடுகிற கேஸ் கீசர்.

ஒன்று கவனியுங்கள், சார். நான் எழுதியது அறுபது, எழுபது ரிவ்யூ. படித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் பாராட்டை நம்பினார்கள். குறையை நம்பி, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தது ஒரே ஓர் ஆள். குமாரவேல் அண்ணனுக்குத் தெரியும், அதனால் அவர் செய்யவில்லை. கிளியம்மாளிடம் இவையெல்லாம் பிரியாணிக்கு எழுதிக் கொடுத்தவை என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறேன். அவர் செய்தது நல்ல வார்டன் செய்கிற வேலை.

நான் செய்தது, ஒரு ஜன்னலைப் பற்றி ஒரு வரி. தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். இத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் செல் உங்கள் மேஜையில் இருக்கிறது. நான் எழுதாததை நீங்கள் படித்துக்கொள்வீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவள் மெசேஜ் வந்தது.

"அக்கா ரெண்டு நாளா குளிச்சிட்டு வந்தா தலை கிர்ர்னு சுத்துது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. அந்த பிளெக்ஸ் அடிச்சதுல இருந்துதான். ஆணியப் புடுங்கிப் போட்டுரவா?"

விமல் பக்கத்தில் இருந்தான். "இன்னாடா அக்கா, தங்கச்சி இன்னா சொல்லுது" என்று கேட்டு, செல்லை வாங்கிப் படித்தான். சிரிப்பை நிறுத்திவிட்டான். "டேய், புடுங்கச் சொல்றா. இதுல இன்னாடா யோசிக்கிற."

நான் யோசித்தேன். சத்யப்பிரியா ஜன்னலை அடைக்கச் சொன்னவள். பகிரங்கமாக, பெயரும் நம்பரும் போட்டு எழுதியவள். இரண்டு வருடம் அதே பாத்ரூமில் குளித்தவள், ஒரு நாளும் தலை சுற்றாதவள். இப்போது திடீரென்று திறந்து விடு என்றால் அவள் யார்? முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிற பாத்திரத்தை வாசகர் விட்டுவிடுவார்கள். பிறகு அவள் கஞ்சி குடி என்றாலும் கேட்க மாட்டார்கள். இருநூற்றுப் பதினாலு மெசேஜில் கட்டிய அக்கா அது.

"வேணாம்மா" என்று அனுப்பினேன். "கிளி ஆன்டி ஆசையா அடிச்சது, மனசு கஷ்டப்படுவாங்க. குளிர்ல வெந்நீர் குளிச்சா மொதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. ஒரு வாரத்துல பழகிடும்."

"நீ ஒரு மாதிரிடா" என்றான் விமல். எழுந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போன செமஸ்டரில் ஒரு பதினாறு மார்க் கேள்வி வந்தது. எரிபொருள் முழுமையாக எரியக் காற்று வேண்டும், அடைத்த இடத்தில் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, மணமில்லை, முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு மயக்கம். படம் போட்டு எழுதினேன். பதினாலு மார்க். ஜன்னல் திறந்திருந்தபோதே காந்திமதி விழுந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். காந்திமதியின் ரிவ்யூ, காதணி விழா பிளெக்ஸ், அந்தப் பதினாறு மார்க், மூன்றும் ஒரே இடத்தில் இருந்தது என் மண்டைக்குள் மட்டும்தான். வேறு எவருக்கும் மூன்றும் தெரியாது. கிளியம்மாளுக்கு ஒன்றுகூட முழுதாகத் தெரியாது. காந்திமதி விழுந்ததைப் பார்த்தவர்தான், ஆனால் லைனில் நின்று வந்த மயக்கம் என்று முதலாளி சொன்னதை நம்பினார். அந்த அம்மா யார் எது சொன்னாலும் நம்புவார்.

புதன்கிழமை இசைவாணி தானாகவே ஒரு ரிவ்யூ போட்டாள். அக்கா மாதிரி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு ஸ்டார்.

"சாப்பாடு நல்லா இருக்கு. ஆன்டி அம்மா மாதிரி. குளிச்சா கொஞ்சம் தலை சுத்தும், பழகிடும்னு சீனியர் அக்கா சொன்னாங்க. மத்தபடி வீடு மாதிரி."

பாராட்டு, ஒரு சின்னப் பொட்டு, கடைசி வரி. நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். இருபத்து மூன்று கணக்கிலிருந்தும் அதற்கு லைக் போட்டேன். வேறென்ன செய்ய. நன்றாக எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு அவள் வரவில்லை. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கிளியம்மாள் அம்மிக் குழவியால் தாழ்ப்பாளை உடைத்திருக்கிறார். மற்றது உங்கள் எப்.ஐ.ஆரில் இருக்கிறது. அன்று காலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது, அதையும் பார்த்திருப்பீர்கள். "அக்கா இன்னிக்கு தலவலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. நீங்க சொன்ன மாதிரி பழகிருச்சு போல." நான் எழுந்தது எட்டு மணிக்கு. ஒரு பூ அனுப்பினேன். போகவில்லை, ஒற்றை டிக்கிலேயே நின்றது.

ஆக, கிளியம்மாள் நிரபராதி. ஆணி அடித்தது அவர் கை, அவ்வளவுதான். அடிக்கச் சொன்னது நான், பிடுங்காதே என்று சொன்னது நான், எச்சரித்தவளின் வாயை அடைத்தது நான். இசைவாணியைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமா? எழுதிவிடுகிறேன். நான்தான். இதை யாரும் மிரட்டி வாங்கவில்லை. ரைட்டர் முனிரத்தினம் சார் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.

இன்னும் அரைத் தாள் மிச்சம் இருக்கிறது. ஒரு விஷயம் எழுதிவிட்டு முடிக்கிறேன். நான் கல் மனசுக்காரன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக.

மூன்றாம் நாள் காரியத்தன்று சத்யப்பிரியாவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, நான் இசைவாணி தங்கச்சி அறிவுமதி. அக்கா செல்லுல ஒங்க கூடத்தான் நெறைய பேசியிருக்கா. செல்ல போலீஸ் வாங்கிட்டுப் போயிட்டாவ, நம்பர குறிச்சி வச்சிருந்தேன். ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." நம்பரை அணைத்து வைத்திருக்கலாம். அணைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு துணை வேண்டும். தினமும் ஆறுதல் சொல்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். "நீங்க பேசுனா அக்காவே பேசுற மாதிரி இருக்கு" என்கிறாள்.

இசைவாணி வேலை பார்த்த இடத்துக் கான்ட்ராக்ட்காரர்கள் அந்த வேலையைத் தங்கச்சிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பதினாறாம் நாள் முடிந்ததும் கிளம்ப வேண்டும். நேற்று கேட்டாள்: "அப்பாவுக்கு இஷ்டமே இல்லக்கா. அங்கன வேற நல்ல ஆஸ்டல் ஒங்களுக்குத் தெரியுமா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். வராதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவிடம் கேட்கிறாள், பதில் தெரியாது என்று சொல்கிற அக்கா அவளுக்கு எதற்கு? மாத்தூர் பக்கத்து ஹாஸ்டல் பெயரைச் சொன்னேன். இன்று காலை நீங்கள் செல்லை வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. "நீங்க சொன்னியள்னு சொன்னேன், அப்பா சரின்னுட்டாவ. பெட்டு சொல்லி வச்சாச்சுக்கா. பதினெட்டாந்தேதி பஸ் ஏறுதேன்."

அங்கே கீசர் கேஸா கரண்டா, ஜன்னல் இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது, சார். நான் அந்தப் பக்கம் போனதில்லை. இருந்தாலும் ஒரு பொறுப்பு இருக்கிறதே என்று, அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் மேப்பைத் திறந்து ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கொடிக் கயிறு போதாது என்கிறார்கள். மத்தபடி எல்லோருமே நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள்.